வெறும் வயிற்றில் நற்கருணை

சம்பந்தியம்மா,

இன்று காலை நாகலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தூக்குப்போசியைத் திறந்தாள். இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும். பஸ் முழுக்க வாசனை. வெள்ளனே கிளம்பி வந்திருப்பாள், பசி, சாப்பிடுகிறாள். அதில் என்ன இருக்கிறது? ஆனால் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை, உங்கள் மேல். கழுத்தில் நற்கருணை அப்பம் வைத்த சிமிழைத் தொங்கவிட்டு, ஆண்டவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறவளுக்கு வரக் கூடாத கோபம். செத்துப்போன மனுசி மேல் இன்னுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆமாம், இன்னும்தான்.

நற்கருணையைக் கொண்டுபோகும்போது வழியில் யாரிடமும் வீண் பேச்சுப் பேசக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு. அதனால் திட்ட வேண்டியதையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டு வந்தேன். இப்போது மத்தியானம். தையல் மிஷினுக்கு மூடியைப் போட்டு, அதன் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நீங்கள் இருக்கிற இடத்தில் இதைப் படிக்க முடியுமோ என்னவோ. முடியும் என்றுதான் நம் விசுவாசம் சொல்கிறது. படியுங்கள்.

உங்கள் மகனுக்கு என் ஸ்டெல்லாவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நமக்குள் சண்டை என்று ஒன்று வந்தால் அது சாப்பாட்டுச் சண்டைதான். கான்வென்ட் விடுதியில் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட கை உங்களுடையது. உங்கள் வாசலுக்கு வந்த யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. நான் ஏற்காட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இருந்தும், "ஏனுங்க சம்பந்தி, பொண்ணு குடுத்த ஊட்டுல ஒரு வாய் சாப்புடாமப் போனா ஊரு என்னுங்க பேசும்?" என்று இலையைப் போட்டுவிடுவீர்கள். வேண்டாம் என்று கையை நீட்டி மறித்தால் கைமேலேயே குழம்பு விழும். கரன்ட் மீட்டர் பார்க்க வருகிறவர், தபால்காரர், வழி தெரியாமல் வந்து நிற்கிற டூரிஸ்ட், எல்லாருக்கும் அந்த வீட்டில் ஒரு தட்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உங்களுக்கு உங்கள் வீட்டிலேயே தட்டு கிடையாது.

சர்க்கரை வியாதி முற்றிக் கால் விரலை எடுத்த பிறகு உங்களால் பஸ் ஏறிக் கோயிலுக்கு வர முடியாமல் போனது. அந்த வருடம்தான் பங்குக் கோயிலில் எங்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகச் சொன்னார்கள். நாகலூர்ப் பக்கம் எனக்கு விழுந்தது. மகளையும் பார்த்தாற்போல இருக்கும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். நீங்களோ போனில், "சம்பந்தி கையிலயா நன்மை வாங்கறது?" என்றீர்கள். நற்கருணையை நீங்கள் நன்மை என்றுதான் சொல்வீர்கள். "ஏன், என் கைக்கு என்னங்க?" என்று கேட்டேன். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்தா நான் சோறு போடற ஆளு. நீங்க எனக்கு ஊட்டறதுன்னா மொறையா இல்லீங்களே" என்றீர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பங்குத்தந்தையிடம் போன் போட்டுக் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சம்மதித்தீர்கள்.

முதல் ஞாயிறு வந்தேன். மேசைமேல் வெள்ளைத் துணி, ரெண்டு மெழுகுவர்த்தி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், ஒரு டம்ளர் தண்ணீர். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நற்கருணை கொடுத்து, ஜெபம் சொல்லி முடித்து அடுக்களைக்குப் போனால் அடுப்பு சில்லென்று கிடந்தது. பேரன் மூலையில் உட்கார்ந்து பேக்கரி பன்னைத் தின்றுகொண்டிருந்தான். மாப்பிள்ளை கடையில் டீ குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஸ்டெல்லாவைக் கேட்டதற்கு, "அத்தைதாம்மா பத்தவெக்க வேண்டாம்னாங்க" என்றாள். நீங்கள் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தீர்கள்: "ஆண்டவர் வர்ற ஊட்டுல அவருக்கு முன்னாடி அடுப்பு எரியக் கூடாதுங்க சம்பந்தி. எங்கம்மா காலத்துல இருந்து அப்பிடித்தான். ராத்திரியே வாயக் கழுவிட்டம்னா நன்மை வாங்கற வரைக்கும் பச்சத் தண்ணியில்ல."

அது உங்கள் அம்மா காலத்துச் சட்டம். அதைத் திருச்சபையே எப்போதோ எடுத்துவிட்டது. இப்போது ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். நோயாளிகளுக்கு அதுகூடக் கிடையாது. இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சர்க்கரை உள்ள உடம்பு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய உடம்பு என்று தலைகீழாக நின்று பார்த்தேன். "சரிங்க, சரிங்க" என்பீர்கள். அடுத்த ஞாயிறும் அடுப்பு சில்லென்றுதான் கிடக்கும். பங்குத்தந்தையையே கூட்டிவந்தேன். நல்ல மனுசன், பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, நீங்க தாராளமா சாப்பிடலாம். தண்ணி குடிக்கலாம், மருந்து எடுக்கலாம். எதுவும் தப்பில்லை." கையெடுத்துக் கும்பிட்டீர்கள். அவர் ஜீப் வளைவு திரும்புவதற்குள், "மருந்துக்குத் தோசமில்லைன்னு சாமியாரே சொல்லீட்டாரு" என்றீர்கள். அவர் சொன்னதில் உங்களுக்கு வேண்டிய அளவு மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, கடைசி இராவுணவுல ஆண்டவர் அப்பத்தப் பிட்டுக் குடுத்தப்ப சீடருங்க பட்டினியாவா இருந்தாங்க? பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் இருந்தாங்க. அவர் விருந்தாளியா வர்றேன்னா சொன்னாரு? சோறா வர்றேன்னாரு. சோத்துக்கு முன்னாடி எதுக்குங்க இவ்வளவு பயம்?" என்று கத்திவிட்டேன். நீங்கள் கத்தவில்லை. போர்வையை நீவிவிட்டபடி சொன்னீர்கள்: "சோறாவே வரட்டுங்க. சோத்தோட ருசி பசிச்ச வாய்க்குத்தானே தெரியும்?" அழகாகத்தான் சொன்னீர்கள். அழகாகச் சொன்னதால் நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது.

கோடை சீசனில் அந்த ஞாயிறு வந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைச்சனம் ஒரு பக்கம் திரண்டு வருகிறது. சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் இன்னொரு பக்கம். நான் பூசை முடிந்து சிமிழோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ் வந்ததே தாமதம். வந்த பஸ்ஸும் ஏரி தாண்டவில்லை. ஏரிப்பக்கம் முழுக்க வண்டி மேல் வண்டி. ஜன்னலுக்கு வெளியே ஒரு குடும்பம் காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டிருந்தது. மணி பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. உங்கள் வயிறுதான் என் கண்முன்னால் நின்றது. ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. நற்கருணையை வைத்துக்கொண்டு வாய் பேசக் கூடாது. ஆனால் மனசுக்குள் நான் பேசிய பேச்சை ஆண்டவர் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் இறங்கி நடந்தேன். ரோடு ஏறி வளைந்து போகிற இடத்தில், எதிர்ப்பக்க வரிசையில் மாப்பிள்ளை வேலை பார்க்கும் எஸ்டேட்டின் ஜீப் நிற்பதைப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் அவர், ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். பின்னால் ஸ்டெல்லா. அவள் மடியில் உங்கள் தலை. புடவையெல்லாம் வேர்வையில் நனைந்து, உதடு வெளுத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னாச்சுடி?"

"காலைல சக்கர மாத்திரையைப் போட்டுட்டாங்கம்மா. மருந்துக்குத்தான் தோசமில்லையேன்னாங்க. அப்பறம் ஒண்ணும் சாப்பிட மாட்டேன்னுட்டாங்க. நீங்க வருவீங்க, வருவீங்கன்னு..." அவள் கையில் சர்க்கரை கரைத்த தண்ணீர் பாட்டில் இருந்தது. "இதை ஒரு மடக்குக் குடிக்க வெக்கப் பாக்கறேன், பல்லைக் கடிச்சுக்கறாங்க."

கோபமும் பயமும் சேர்ந்து எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. மாத்திரை சர்க்கரையை இறக்கிவிடும், சோறு உள்ளே போகாவிட்டால் ஆளையே இறக்கிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, மண்டையில் ஏறிச்சா என்று கத்தினேன். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்தைத்தான் பார்த்தீர்கள்.

"மொதல்ல அவரு" என்றீர்கள். பேச்சு குழறியது, ஆனாலும் அது ஆர்டர்தான். விடுதிச் சமையலறையில் ஆயாக்களை அதட்டுகிற அதே குரல்.

வாதம் பண்ண நேரமில்லை. ஜீப்பின் பின்கதவுப் படியில் முழங்காலை ஊன்றிச் சிமிழைத் திறந்தேன். சுற்றிலும் ஹாரன். பக்கத்துக் காரிலிருந்து சினிமாப் பாட்டு அலறியது. வெள்ளைத் துணி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. அப்பத்தில் சின்னத் துண்டாகப் பிட்டு, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன். "ஆமென்" என்று வாயைத் திறந்தீர்கள். நாக்கில் வைத்தேன். விழுங்குவதற்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பது வழக்கம்தானே. ஸ்டெல்லா கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி உங்கள் வாயில் வைத்தேன். இப்போது பல்லைக் கடிக்கவில்லை. நன்மை வாங்கியாயிற்று, இனி என்ன வேண்டுமானாலும் உள்ளே போகலாம். மடக் மடக்கென்று பாட்டில் முழுவதையும் குடித்தீர்கள். வண்டிகள் நகர்ந்து ஜீப் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எழுந்து உட்கார்ந்து, முந்தானை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டீர்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க நீங்கள் சொன்னது என் ஆயுசுக்கும் மறக்காது: "பாத்தீங்களா சம்பந்தி? அவரு உள்ள போனதும் எந்திருச்சு உக்காந்துட்டேன்."

"சர்க்கரைத் தண்ணிங்க! அது சர்க்கரைத் தண்ணி!"

"அதுவும்தானுங்க" என்றீர்கள், ஏதோ எனக்காக மனசிறங்கி விட்டுக்கொடுப்பது மாதிரி.

அதோடு விட்டீர்களா? நாகலூர் முழுக்கச் சொல்லியாயிற்று. டீக்கடை வரைக்கும் சேதி போய்விட்டது. ஆண்டவர் ஜீப்பில் வந்து உங்களை எழுப்பினாராம். சம்பந்தியம்மா நடந்தே கொண்டுவந்தாங்களாம். சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் யாரிடம் போய் என்ன சொல்ல? நற்கருணைக்கு வல்லமை இல்லை என்றா சொல்ல முடியும்? எனக்கும் அந்த விசுவாசம் உண்டு. அதில் ஆண்டவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தானே அதைக் கழுத்தில் சுமந்துகொண்டு மலைமலையாக அலைகிறேன். ஆனால் அதை நம்புகிறவள் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சாமி சொன்னார்? என் எரிச்சலெல்லாம் அதுதான். இதைச் சொன்னால் விசுவாசம் இல்லாதவள் மாதிரி நான் நிற்கிறேன். நீங்கள் புனிதவதி மாதிரி நிற்கிறீர்கள்.

ஒரே ஒரு தடவை மட்டும் உள்ளே இருந்த காரணத்தைச் சொன்னீர்கள். நான் கிளம்பும் நேரம், சும்மா பேச்சுவாக்கில் வந்தது. "காலமெல்லாம் விடுதியில உப்புப் பாத்த நாக்குங்க சம்பந்தி இது. கொழம்பு, ரசம், பொரியல்னு எந்நேரமும் ஏதாச்சும் ஒண்ணு இது மேல கெடந்துக்கிட்டே இருக்கும். வாரத்துல ஒருநாளாச்சும் சும்மா இருக்கட்டும். அவரு வந்து உக்கார எடம் வேணும்ல?" நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அன்று மட்டும் உங்களோடு சண்டை போடவில்லை. பஸ்ஸில் போகும்போது, அந்த நாக்குக்கு ஒரு வாய்க் கஞ்சி முதலில் போயிருந்தால் ஆண்டவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டாரா என்று தோன்றியது. இறங்கித் திரும்பி வந்து கேட்கலாம் போல இருந்தது.

உங்களை மாற்ற முடியாது என்றானதும் என்னை மாற்றிக்கொண்டேன். ரெண்டாம் பூசைப் பாடற்குழுவை விட்டேன். உங்களுக்குத் தெரியும், எனக்கு அந்தப் பாட்டு எவ்வளவு முக்கியம் என்று. விடியற்காலை முதல் பூசை, உடனே முதல் பஸ். டூரிஸ்ட்காரர்கள் படுக்கையை விட்டு எழுவதற்குள் நாகலூரில் இருப்பேன். நற்கருணை கொடுத்த கையோடு, நான் கொண்டுவந்த இட்லியைத் தட்டில் வைத்து, நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பிறகுதான் மாத்திரை. "போலீஸ்காரிங்க நீங்க" என்பீர்கள். ஆமாம், போலீஸ்காரிதான்.

கடைசி ஞாயிறன்று பஸ் துளிகூடத் தாமதம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரோட்டில் ஒரு வண்டி குறுக்கே வரவில்லை. வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து இறங்கினேன். ஸ்டெல்லா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அத்தை எந்திரிக்கலம்மா" என்றாள். உள்ளே வெள்ளைத் துணி விரித்திருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றாமல் இருந்தது. நீங்கள் படுத்த வாக்கிலேயே போயிருந்தீர்கள். மாப்பிள்ளை கூட்டிவந்த டாக்டர், தூக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது, சர்க்கரையால் இல்லை என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆண்டவரை உங்கள் வாசல் வரை நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், நீங்கள் வீட்டில் இல்லை. இறந்தவர்களின் வாயில் நற்கருணை வைக்கக் கூடாது. சிமிழைப் பிடித்துக்கொண்டு உங்கள் தலைமாட்டில் நின்று அழுதேன். அழுததில் பாதி ஆத்திரம். என்ன அவசரம்? ஒரு வாய் வாங்கிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? ராத்திரியே வாயைக் கழுவிவிட்டு, பசியோடு போய்ச் சேர்ந்துவிட்டீர்களே!

அப்போது ஸ்டெல்லா முகம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, எனக்குக் குடுங்க" என்றாள். "நானும் சாப்பிடல."

"நீ ஏன்டி சாப்பிடல?"

"அத்தை சாப்பிடாம நான் எப்பிடிம்மா சாப்பிடறது? எந்த ஞாயித்துக்கிழமையும் சாப்பிட்டதில்ல."

சம்பந்தியம்மா, நான் ஒரு வயிற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் ரெண்டு வயிறு காய்ந்துகொண்டிருந்தது. பெற்ற மகள், நான் கவனிக்கவில்லை, நீங்களும் கவனிக்கவில்லை. ஊருக்கே சோறு போட்டவர், பக்கத்தில் நின்றவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை! அங்கேயே உங்களை எழுப்பி உட்காரவைத்து நியாயம் கேட்க வேண்டும் போல இருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றினேன். உங்களுக்கென்று கொண்டுவந்ததை அவள் நாக்கில் வைத்தேன். அழுதுகொண்டே "ஆமென்" என்றாள். உடனே அவள் தோளைப் பிடித்து அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். சாவு வீட்டில் அடுப்பு எரிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டம்மா வாசலிலிருந்து சொன்னார். "எரியட்டுங்க" என்றேன்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சிமிழைத் திறப்பதற்கு முன் என் வாயில் ஜெபம் வருவதில்லை, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான் வருகிறது. ஃபாதருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ தெரியாது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். கோபப்படுங்கள். நானும்தான் உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன், சரிக்குச் சரி.

இன்று போனது எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவரின் வீடு. பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். கேட்டேன். "இல்லீங்கம்மா" என்றார் பெருமையாக. "ஆண்டவர் வர்றப்ப எப்பிடிங்க சாப்பிடறது? நேத்து ராத்திரியோட சரி." அந்தப் பெருமையை எனக்கு நன்றாகத் தெரியும். சிமிழை நான் திறக்கவில்லை. அவர் வீட்டம்மாவைக் கூப்பிட்டு, இருக்கிற கேழ்வரகுக் கஞ்சியைச் சுடவைத்துக் கொண்டுவரச் சொன்னேன்.

பதறிப்போய்விட்டார். "ஏனுங்கம்மா, ஆண்டவர் உங்க கழுத்துல இருக்காருங்க. அவர வெச்சுக்கிட்டு நான் கஞ்சி குடிக்கறதாங்க?"

"அவர் இருப்பாருங்க. எங்கயும் போக மாட்டாரு. நீங்க குடிங்க."

கஞ்சி வந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்தது. வீட்டம்மா அவரைச் சாய்த்து உட்காரவைத்து, கரண்டி கரண்டியாக ஊதி ஊட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை நானும் ஆண்டவரும் காத்திருந்தோம்.